பாய்க்குப் பின்னால் இருந்தவன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். படகில் இருந்தது நான். இது நடந்தது பட்டப்பகலில், முள்ளிப்பட்டு ஏரியில், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருஷம்.

அந்த வருஷம் ஏரி நிரம்பியதால் பாய்ப்படகுப் பந்தயம் வைத்தார்கள். ஜெயித்தவனுக்குப் புதுத் தறி. அடுத்தவன் தறியில் கூலிக்குப் பட்டு நெய்து இடுப்பொடிந்தவன் நான். ஆசை யாரை விட்டது? நீச்சல் தெரியாமலே இறங்கினேன், மச்சான் கிருபாகரனை நம்பி. என் தங்கை புருஷன். போன வருஷம் தெள்ளார்ப் பந்தயத்தில் படகேறியவன். பாய்க்கயிறுகூட அங்கிருந்து அவன் கொண்டுவந்ததுதான்.

இரண்டு பனந்தோணிகளை இணைத்துக் கட்டி, நடுவில் பாய். முன்னால் துடுப்போடு நான். பாய்க்குப் பின்னால் கயிற்றோடு அவன். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அந்தக் கயிற்றை எதிலும் கட்டக் கூடாது, கையில்தான் பிடிக்க வேண்டும். காற்று மோதும்போது தளர்த்தாவிட்டால் படகு கவிழ்ந்துவிடும்.

"நான் கீறேன் மச்சான். நீ முன்னால பாத்துகினு போ" என்றான்.

உச்சி வேளையில் புறப்பட்டோம். கோரைப் புதரைத் தாண்டும்போது பின்பக்கம் லேசானது. படகின் மூக்கு தண்ணீரில் அமிழ்ந்தது. நகர்ந்து உட்காருகிறான் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் பின்பக்கம் மறுபடி கனத்தது... முன்னைவிட அதிகமாக.

சொட்... சொட்... நனைந்த துணியிலிருந்து நீர் வடிகிற சத்தம்.

நடு ஏரி. காற்று அறைந்தது. படகு சாய்ந்தது.

"விடு மச்சான்" என்று கத்தினேன்.

பாய் தளர்ந்தது. படகு நிமிர்ந்தது. குப்பென்று சேற்று நாற்றம்.

கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கலைங்க... திரும்பாதீங்க."

என் மச்சான் ஒருநாளும் எனக்கு 'ங்க' போட்டதில்லை.

குரலும் அவனுடையதில்லை.

நான் திரும்பவில்லை.

சொட்... சொட்...

சுற்றி வந்து கரை தட்டியது. முதல் படகு எங்களுடையது. குதித்துத் திரும்பினேன்...

யாரும் இல்லை.

கயிறு பின்கம்பில் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தார்கள். கட்டிய கயிறு எப்படித் தளர்ந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிருபாகரன் ஈர வேட்டியோடு கூட்டத்தில் நின்றான். என்னைக் கண்டதும் அவன் முகம் செத்துவிட்டது. எதிர்ப்படகுக்காரர்கள் அவனுக்குத் தறி தருவதாகப் பேசியிருந்தார்களாம். என் வீட்டில் சோறு தின்ற கை போட்ட முடிச்சு அது.

மறுவாரம் தெள்ளாரிலிருந்து பச்சையம்மாள் என்றொரு பெண் வந்தாள். போன வருஷப் பந்தயத்தில் புருஷனை ஏரிக்குக் கொடுத்தவள். நடந்ததைக் கேள்விப்பட்டு, அந்தக் கயிற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். அறுத்தெடுத்த முடிச்சை வெகுநேரம் தடவிப் பார்த்தாள்.

"கவுந்த படகை நிமுத்தும்போது இதே முடிச்சு இருந்திச்சுங்க" என்றாள். "எம் புருசன் முன்னால குந்திகினு இருந்தாரு. பின்னால கயிறு புடிச்சது உங்க மச்சான்."