திரையின் ஓரம்

அண்ணன் மதராசில் பேர்பெற்ற டைரக்டர் ஆகிவிட்டார் என்று ஊரார் வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "அப்ப அங்கை ஆர் அவனுக்குச் சோறு குடுக்கிறது?"

ஒரு வருடத்தில் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறியவர் அவர். பிறகு, இந்தப் படம் முடியட்டும் என்று எழுதினார். அது முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. யாழ்ப்பாணத்துக் கொட்டகைக்கு அவருடைய படம் வந்தால் எங்கள் குருநகரே திரண்டு போகும். மீன் சந்தையில் பெண்கள் அவர் படத்து வசனத்தைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஊருக்கெல்லாம் கதை சொன்னவருக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை.

அம்மாவின் கண்களில் வெள்ளை படர்ந்துகொண்டு வந்தது. முழுக்க இருட்டுமுன், தம்பி என்றே தான் கூப்பிடும் மகனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. ஒருநாள் தானாகவே, "என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை" என்றார். வாழ்நாளில் படமே பார்க்காதவர். பெட்டிக்குள் இருந்த பெருநாள் சேலையை எடுத்து உடுத்தினார்.

"முன்னுக்கு இருப்பம். அவனுக்கும் நான் தெரியவேணும்" என்றார். கண் மங்கியவரின் பேச்சு என்று நானும் முன்வரிசையில் இருத்தினேன்.

அண்ணனின் பெயர் திரையில் வந்தது. காதோடு வாசித்துச் சொன்னேன்.

"பேர் கிடக்கட்டும். தம்பி எந்தப் பக்கத்திலை நிக்கிறான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஐயா மாதா கோயில் பெருநாளுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். ஆடுகிறவர்களை ஆட விட்டுவிட்டு, மேடை ஓரத்தில் தாளத்தோடு விடியும்வரை நிற்பார். யாராவது வரியை மறந்தால் எடுத்துக் கொடுப்பார். அண்ணாவியார் நிற்காத கூத்து எங்கள் ஊரில் இல்லை. மகன் படம் பழக்குகிறவன் என்றால் அவனும் ஓரத்தில்தானே நிற்கவேண்டும்?

"படத்திலை அப்பிடி நிக்கமாட்டினம் அம்மா" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? ஆடுறவன் பிழைவிட்டால் ஆர் பாக்கிறது?"

படத்தின் நடுவில் ராணி அழுதாள். கொட்டகையே அழுதது. அம்மா மட்டும் கண்ணைச் சுருக்கி, திரையின் ஒரு கரையையும் மறுகரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து விளக்குகளைப் போட்டார்கள். அம்மா எழும்பவில்லை.

"தம்பி இண்டைக்கு வரேல்லைப் போலை" என்றார். பிறகு, "சுகமில்லையோ தெரியாது" என்றார்.

அந்த மழைக்காலத்தோடு பார்வை போனது. அடுத்த பெருநாளுக்கு அம்மாவே இல்லை.

அடக்கம் முடிந்த பிறகுதான் அண்ணன் வந்து சேர்ந்தார். வாசல் படலையில் சனம் நெரிந்தது, டைரக்டரைப் பார்க்க. அவர் அம்மாவின் வெறும் பாயில் இருந்து நெடுநேரம் அழுதார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அம்மா என்ரை படம் ஏதும் பாத்தவவோ?"

"ஓம் அண்ணை. ஒண்டு பாத்தவ."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "என்ன சொன்னவ?"

"தம்பி வரேல்லை எண்டு சொன்னவ."