தென்னையில் கட்டிய ஏரியல்

என் அமெச்சூர் ரேடியோப் பெட்டிக்கு ஏறக்குறைய என் வயது. தூரத்து நண்பர்களோடு பேசுவதற்கான பெட்டி, ஆனால் சுவிட்சைப் போட்டதும் பேசிவிட முடியாது. முதலில் வால்வுகள் சூடேற வேண்டும். பிறகு குமிழைத் திருகி மீட்டர் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். அதில் அதிக நேரம் தடுமாறினால் வால்வு போய்விடும், வேறு வாங்க எங்கே அலைவது? அதனால் ஏரியலுக்குப் பதில் நூறு வாட் பல்பை மாட்டி அதில் சரிபார்த்துக்கொள்வேன். இத்தனை பெரிய பெட்டி ஒரு பல்பு எரிக்கத்தானா என்று எங்கள் ஊர் பெருமாட்டியில் என்னைக் கேலி செய்யாதவர்கள் குறைவு.

அந்த வருஷத்துப் பெருமழையில், மலைமேல் இருக்கும் பள்ளிவாசல் என்ற ஊருக்கு எந்தப் போனும் போகவில்லை. என் மகள் அங்கே தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மூன்றாம் நாள் காலை, பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாமல் பெட்டியைத் தூசி தட்டினேன். ஏரியல் கம்பி காற்றில் அறுந்து கிடந்தது. எங்கள் தோப்பில் கள் இறக்கும் தம்பிதான் ஒரு முனையை எடுத்துப்போய் தென்னை உச்சியில் கட்டிக் கொடுத்தார். நைலான் கயிறு இரண்டடிதான் மிச்சமிருந்தது. அதனால் அவர் பாளை சீவும் இடத்துக்குக் கையெட்டும் தூரத்திலேயே கம்பி வந்து நின்றது. மைக் பொத்தானை அமுக்கி நான் பேசும்போது அதைத் தொட்டால் சுட்டுவிடும் என்று சொன்னேன்.

"நான் மேல இருந்தா பாளை தட்டுற சத்தம் கேக்குமுங்ணா. அப்ப மட்டும் அமுக்காதீங்க" என்றார்.

எட்டு மணிக்குப் பள்ளிவாசல் நண்பர் ரேடியோவில் கிடைத்தார். எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். "கரன்ட் இல்ல அண்ணாச்சி, கார் பேட்டரியிலதான் பேசுதேன். உங்க பொண்ணு இருக்க குவார்ட்டர்ஸுக்குப் பின்னால மண்ணு சரிஞ்சிருக்காம். போய்ப் பாத்துட்டு அஞ்சு மணிக்கு வாரேன். பேட்டரி அஞ்சு நிமிஷந்தான் தாங்கும்" என்றார்.

அன்று பகலை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை. நாலரைக்கே பல்பில் சரிபார்த்துவிட்டு ஏரியலை மாட்டினேன். ஐந்து மணி விஷயத்தைக் கள் இறக்குகிறவரிடம் சொல்ல மறந்திருந்தேன். வழக்கமாக அந்த மரத்துக்குக் கடைசியாகத்தான் வருவார். அன்று மேகம் கட்டியிருந்ததால் முன்னாலேயே ஏறிவிட்டார்.

சரியாக ஐந்துக்கு இரைச்சலுக்கு நடுவில் நண்பரின் குரல் எழுந்தது. "அண்ணாச்சி, கேக்குதா? வாங்க."

தோப்பிலிருந்து பாளை தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்குப் போய் ஒருமுறை கத்தினேன். தட்டுவது நிற்கவில்லை. மரத்தடிக்குப் போய்க் கூப்பிட்டிருக்கலாம், எண்ணி நாற்பதடி. போய் வருவதற்குள் குரல் போய்விடும் என்ற பயத்தில் நாற்காலிக்கே திரும்பினேன். "அண்ணாச்சி, நீங்க பதில் சொன்னாத்தான் விஷயத்தச் சொல்ல முடியும். சும்மா பேசிப் பேட்டரியத் தீக்க முடியாது. இன்னும் நாலு வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டியிருக்கு" என்றார் நண்பர். அவர் குரல் முன்பைவிடத் தேய்ந்திருந்தது.

அப்போது தட்டும் சத்தம் நின்றது.

இறங்கிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாளையைச் சீவும்போதும், கள்ளை ஊற்றும்போதும் சத்தம் நிற்கும். தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல. தெரிந்துதான் மைக்கை எடுத்தேன், தெரிந்துதான் அமுக்கினேன். "கேட்குது, சொல்லுங்க, சொல்லுங்க" என்றேன்.

"பொண்ணு பத்திரமா இருக்கா அண்ணாச்சி. எல்லாரையும் பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காக. கால்ல சின்னச் சிராய்ப்புதான். நான் கண்ணால பாத்தேன். சாப்பிட்டாளான்னு கேட்டேன், சாப்பிட்டேன்னா." அதற்குமேல் குரல் அடங்கிவிட்டது. நான் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

நிமிர்ந்தபோது கள் இறக்குகிறவர் வாசலில் நின்றிருந்தார். வலது கையில் ஈரத்துண்டைச் சுற்றியிருந்தார். துண்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையில் புளியங்கொட்டை அகலத்துக்குத் தோல் வெளுத்துப் பொசுங்கியிருந்தது.

"சுருக்குன்னு புடிச்சுதுங்ணா. கத்தி கீழ போயிருச்சு. இந்தக் கையி மட்டைய இறுக்கிப் புடிச்சிருந்ததால தப்பிச்சேன்" என்று இடது கையைக் காட்டினார். பிறகு, "பாப்பா சேதி ஏதாச்சுங் கெடச்சுதுங்களா?" என்றார்.

"நல்லா இருக்குதாம்" என்றேன்.

"அது போதுமுங்க" என்றவர், துண்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே கேட்டார். "நான் மேல இருந்தது தெரியலீங்களாண்ணா?"

குரலில் கோபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியல தம்பி" என்றேன்.