நடுவில் இருந்த நிறம்

எங்கள் போடி வீட்டு முன்னறைக்கு என் கணவர் பார்த்துவைத்த இரண்டு நிறங்களையும் என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று பிஸ்கட் நிறமாம், மற்றது சந்தன நிறமாம். ஒரு கை ஏலக்காயைப் பார்த்த மாத்திரத்தில் ஏலம் கேட்டுவிடுகிற மனிதர், பெயிண்டர் சுவரில் அடித்துக் காட்டிய இரண்டு பட்டைகளுக்கு முன்னால் ஒரு வாரம் நின்றார்.

"இது லேசா மஞ்ச அடிக்குது, அது செவப்படிக்குது. ஒனக்குத் தெரியலையா?"

"எனக்கு ரெண்டும் டீயில முக்குன ரொட்டி மாதிரித்தான் இருக்கு. வெரசா ஒண்ணைச் சொல்லுங்க, சாமானெல்லாம் வாசல்ல கெடக்கு."

எனக்கு ரசனை போதாதாம். சுவரைப் படமெடுத்து மதுரையில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பினார். நாத்தனார் உடனே போனில் வந்தார்.

"தம்பி, ரெண்டு ஓரமும் வேணாம்டா. நடுவுல இருக்குல்ல, அதையே அடி. என்ன பாந்தமா இருக்கு!"

நடுவில் இருந்தது பழைய சுவர். அழுக்கேறிப் போச்சு என்று இவர் மாதக்கணக்கில் கரித்துக்கொட்டிய அதே சுவர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த நடுக்கலருக்கு ஒத்தாப்புல கலக்கிக் கொண்டாங்க" என்றார்.

அப்படியே அடித்தும் முடித்தார்கள். அடுத்த வாரம் குரங்கணியிலிருந்து வந்த என் தம்பி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எப்ப மச்சான் பெயிண்ட் அடிக்கப் போறீங்க?" என்று கேட்டான்.

"ஒங்க குடும்பத்துக்கே கண்ணு சரியில்ல" என்றார் என் கணவர்.