மூடாத மூன்றாம் பகுதி

என் கணவர் மூன்று வருஷத்துக்கென்று வெளிநாட்டுக்கு ஆராய்ச்சிக்குப் போனவர். இரண்டாம் வருஷம் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. "வாங்கோ" என்று நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அவர் வயது ஆண்கள் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு வீடு திரும்பாமல் போன காலம் அது. திருகோணமலை நகரத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தபடி, அவர் அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடிதங்களில் அவர் ஒரு புரதத்தைப் பற்றியே எழுதுவார். எங்கள் உடம்பே செய்கிற புரதம் அது. உடம்பில் அழற்சி வரும்போது ஒரு சமிக்ஞைப் புரதம் வந்து, உயிர்க்கலத்தின் மேல் அதை ஏற்கிற வாங்கியில் அமரும். வாங்கிக்கு மூன்று பகுதிகள். மூன்றும் அதைச் சுற்றிப் பிடித்தால் செய்தி உள்ளே போகும். மூட்டு வீங்கும், காய்ச்சல் வரும். இவருடைய புரதமோ அதே இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். இரண்டு பகுதிகள் அதைப் பிடிக்கும், மூன்றாவது மூடாமல் விலகியே நிற்கும். செய்தி போகாது. இடமும் மற்றதற்குக் கிடைக்காது.

"உம்மட விரல்களை நினைச்சுத்தான் இதை எடுத்தனான்" என்று எழுதியிருந்தார். பொய். அவருடைய பேராசிரியர் கொடுத்த வேலை. ஆனாலும் அந்த வரியைப் பல தரம் வாசித்தேன். மூட்டுவாதத்தால் காலையில் என் விரல்கள் மடங்காது. கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி பிடிக்கப் பத்து மணியாகும்.

ஒருநாள் புரதத்தின் படத்தை அனுப்பினார். பன்னிரண்டு இழைகள் மடிந்து ஒரு பீப்பாய் போல நின்றன. இழைகளுக்கு அம்புக்குறிகள், ஓரத்தில் இலக்கங்கள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சோதனைச்சாவடியில் பையைக் கிளறிய சிப்பாய் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். பிறகு அதிகாரி வந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"இது எந்த இடம்? துறைமுகமா?"

"இடமில்லை ஐயா. எங்கட உடம்புக்குள்ள இருக்கிற ஒரு புரதம். என்ர அவர் ஆராய்ஞ்சு வரைஞ்சவர்."

"உங்க உடம்புலயா?"

"ஓம். உங்கட உடம்பிலயும் இருக்குது."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர் போகலாம்" என்றார். படத்தை மட்டும் தரவில்லை.

அன்றைக்கு வீட்டில் நினைவிலிருந்து அதை வரைந்து பார்த்தேன். எட்டாவது இழைக்குப் பிறகு வரவில்லை. அப்போதுதான் அழுதேன்.

அடுத்த கிழமை தொலைபேசிக் கடையில் அவரோடு கதைக்க ஐந்து நிமிஷம் கிடைத்தது. அவரை வரச்சொல்லிக் கேட்கத்தான் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். வாய் வரவில்லை.

"இஞ்சருங்கோ, அந்த மூன்றாவது பகுதி ஏன் மூடுறேல்ல?" என்று கேட்டேன்.

அவருக்குச் சந்தோஷம். மளமளவென்று சொல்லத் தொடங்கினார். நான் விளக்கத்தைக் கேட்கவில்லை. 'ழ'வில் அவருக்கு வரும் சிறு தடுமாற்றத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷமும் அதிலேயே முடிந்தது.

மூன்று வருஷம் முடிந்தும் அவர் அங்கேயே வேலையில் நின்றுவிட்டார். சமாதான காலத்தில் பாதை திறந்ததும் ஒரு மாத விடுமுறையில் வந்தார். பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்தவர், கோணிப்போன விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அந்தப் புரதத்தையே அப்போது மருந்தாகச் செய்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குரிய ஊசிகளை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். குளிரில் வைக்காவிட்டால் பழுதாகிவிடும். மின்சாரம் நின்றால் ஐஸ் வாங்க அவரே சைக்கிளில் ஓடுவார்.

தினமும் காலை தேத்தண்ணிக்கு முதல், குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் முன்னால் முழங்காலில் நின்று ஊசி போடுவார்.

"எரியுதோ?"

"எரியுதுதான். நீங்கள் ஆறுதலாப் போடுங்கோ."

மூன்றாம் கிழமை விரல்கள் மடங்கின. தலைப்பின்னலை நானே பின்னினேன். அவர் வாசலில் நின்று பார்த்தார்.

மாதம் முடிய அவர் போனார். சில நாளிலேயே விரல்கள் பழையபடி இறுகிவிட்டன. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. விடிந்ததும் போய் அந்தக் கதிரையில் இருந்துவிடுவேன், தேத்தண்ணி ஆறிப்போகும்.

மருந்து அனுப்ப வழி பார்ப்பதாக எழுதினார். வலித்த விரல்களால் நான் மறுமொழி எழுதினேன்: "மருந்து வேண்டாம். நீங்கள் வாங்கோ." அத்தனை வருஷத்தில் முதல் தரம் அதை எழுதினேன்.

பதில் வர ஐந்து கிழமையானது. வேலையை விட்டுவிட்டுத் தை மாதம் வருவதாக எழுதியிருந்தார். வந்தார்.