இருநூற்றாறாம் அறைச் சாவி

தம்பானூரில் நாங்கள் வேலை பார்க்கும் லாட்ஜில் இரண்டாம் மாடி முழுவதும் சுடலைமாடத்தி அக்காவின் பொறுப்பு. எட்டு அறைகள். கொத்தனார் வேலைக்கு வந்த கணவரோடு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர், பதினான்கு வருடமாக இங்கேதான் இருக்கிறார். மலையாளி மானேஜர் ஆனந்தகிருஷ்ணன் கூப்பிட்டால் நாங்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அக்கா அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

அறையைக் காலி செய்கிறவர்கள் சாவியைக் கீழே மேசையில் கொடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் நடையில் துடைத்துக்கொண்டிருப்பவர் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். அப்படி அக்கா கையில் கொடுத்துவிட்டதாக இரண்டு பேர் சொல்லி, போன மாதம் இரண்டு சாவிகளுக்குக் கணக்கில்லாமல் போனது. இன்னொன்று தொலைந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று மானேஜர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்காவின் மகள் மீனு நர்சிங் படிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் அழுக்கு விரிப்புகளோடு படியிறங்கி வந்தபோது மேசை முன்னால், இருநூற்றாறில் தங்கியிருந்த கும்பகோணத்துப் பட்டாபி சாரும் அவர் மனைவி சூடாமணி அம்மாளும் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். மானேஜர் அக்காவைக் கீழே வரவழைத்திருந்தார்.

“சுடலே, இருநூத்தியாறு சாவி எவிடே?”

“எங்கிட்ட வரல சார்.”

“பெருக்கிண்டிருந்த அம்மா கையில குடுத்தாச்சுங்கறேன்,” என்றார் பட்டாபி சார். “எனக்கு ரயிலுக்கு நேரமாறது.”

“அப்ப மூணாச்சு,” என்று பழைய எச்சரிக்கையை நினைவூட்டினார் மானேஜர். “ஞான் பறஞ்சது ஓர்மை உண்டல்லோ?”

நானாக இருந்தால் அழுதிருப்பேன். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பட்டாபி சார் பக்கம் திரும்பினார்.

“சார், காலையில கோயிலுக்குப் போனியள்லா?”

“போனேன். அதுக்கென்ன?”

“வேட்டி மட்டும் உடுத்திட்டுப் போனிய. சட்டையுமில்ல, பையுமில்ல. திரும்பி வரும்போ நான் நடையில நின்னேன். குனிஞ்சு நெஞ்சைக் கதவோட ஒட்டி வச்சுப் பூட்டைத் தொறந்திய. ஏன் இப்படித் தொறக்காருன்னு பாத்தேன். பூணூல்ல சாவி கெடந்துது.”

மானேஜரின் பேனா நின்றது. பட்டாபி சாரின் கை தானாகச் சட்டைக்கு மேல் போய் நெஞ்சைத் தடவி, வயிற்றுக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

“கழட்டி வையுங்கோன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?” என்றார் சூடாமணி அம்மாள். “ஆத்து பீரோ சாவின்னு நெனைச்சுண்டேளா? ஊர் வரைக்கும் கட்டிண்டு போயிருப்பேள்.”

பட்டாபி சார் சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு பொத்தான்களைக் கழற்றினார். முடிச்சு அவருக்கு அவிழவில்லை. அம்மாள் நகத்தால் நெம்பி அவிழ்த்துச் சாவியை மேசையில் வைத்தார். கதவு இழுத்தாலே பூட்டிக்கொள்ளும் என்பதால் புறப்படும்போது அவருக்குச் சாவி தேவைப்படவில்லை, ஞாபகமும் வரவில்லை.

“செரி, கிட்டியல்லோ,” என்றார் மானேஜர். “போய் ஜோலி பாரு.”

அக்கா நகரவில்லை.

“எங்கிட்ட தரலன்னு சார் வாயால சொல்லட்டும்.”

பட்டாபி சார் பொத்தான்களைப் போட்டபடி அக்காவைப் பார்த்தார். “தரலைம்மா. தப்பு என்னோடதுதான். யாரோ கையில குடுத்த மாதிரியே இருந்தது.”

“முந்தின ரெண்டு பேருக்கும் இதே மாதிரிதான் இருந்திருக்கும்,” என்று அக்கா மானேஜரிடம் திரும்பினார். “அந்த ரெண்டும் என் தலையில இருக்கக் கூடாது. இனிமே சாவிய யாரும் என் கையில தரவும் வேண்டாம். மேசையில தந்தாத்தான் கணக்குன்னு எழுதி ஒட்டுங்க.”

மானேஜர் சூடாமணி அம்மாளைப் பார்த்தார்.

“நியாயமாத்தானே கேக்கறா?” என்றார் அம்மாள்.

மானேஜர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மலையாளத்தில் எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தார்.

“அடியில தமிழ்லயும் எழுதுங்க சார். சனி ஞாயிறுல வாறவுக பாதிப் பேரு நம்மூர்க்காரவுக.”

மானேஜருக்குத் தமிழ் எழுத வராது. பேனாவைப் பட்டாபி சாரிடம் நீட்டினார். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.