மொனிட்டர் அணைந்தபோது எழுதிய கட்டுரை

இன்று பகல் கண்டியில், ஒரு பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நானும் சிவமலர் டீச்சரும் நகம் கடித்துக்கொண்டு நின்றோம்.

(டீச்சர் ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறார். ஆனாலும் கடித்தார்!)

உள்ளே எங்கள் மாணவி தனலட்சுமி. பக்கத்து பெஞ்சில், தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (வரிசை வீடுகள்), கொழுந்து பறிக்கப் போகாமல் வந்திருந்த அவளுடைய அம்மா.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் மலையகத்து வட்டகொடைக்காரன். ஹட்டன் டவுனில், ஏ.எல். (உயர்தரம்) முடித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறோம். டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். இலக்கணம் அவர் பொறுப்பு. கம்பியூட்டர் என் பொறுப்பு.

தனாவுக்கு ஆங்கில ஆசிரியை ஆக வேண்டும். கண்டியில் ஒரு கல்லூரி இலவசமாகவே பயிற்சி தருகிறது. ஆனால் சேர்வதற்கு வாசிப்பு, எழுத்து என்று ஒரு பரீட்சை. இந்த வருடம் முதல் அது கம்பியூட்டரில்!

பாஸ் இல்லையென்றால் கொழும்பில் துணிக்கடை. அவளுடைய சித்தப்பா வேலைக்குப் பேசியே வைத்துவிட்டார்.

முதலில் வாசிப்பு தகராறு செய்தது.

"சேர், பேப்பர்னா கோடு போட்டுப் போட்டு படிப்பேன். இதுல எங்க சேர் கோடு போடுறது?"

(மொனிட்டர் கண்ணாடி முழுக்க அவள் விரல் அடையாளம்!)

கேள்வியை முதலில் படி, பிறகு பந்தியில் விடையைத் தேடு என்று பழக்கினேன். அது எப்படியோ படிந்துவிட்டது.

எழுத்துதான் படியவே இல்லை.

மூன்று வார்த்தை அடிப்பாள். இரண்டை அழிப்பாள். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே போகும். அவள் அதையே பார்ப்பாள். இரண்டாவது பந்தி நடுவில் நேரம் முடிந்து திரை பூட்டிக்கொள்ளும்.

"கையில எழுதச் சொல்லுங்க, பக்கம் பக்கமா எழுதுறேன் சேர். இதுல ஒரு எழுத்து தப்பா விழுந்தாலும் யாரோ பக்கத்துல நின்னு திட்டுற மாதிரியே இருக்கு."

டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"ராஜன், பிள்ளையை உந்தப் பெட்டியோட கட்டிப்போட்டு வதைக்காதையும். கடுதாசியில எழுத விடும்."

"டீச்சர், அங்க கடுதாசி குடுக்க மாட்டாங்களே!"

அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

போன வாரம் நல்ல மழை. தனா பயிற்சிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று மொனிட்டர் இருண்டுவிட்டது. கீழே பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"சேர்! டெஸ்ட் ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. நீ நிறுத்தாம அடி!"

(ஓடுகிறதா என்று எனக்கே தெரியாது. மேசைக்கு அடியில் ஒயர்களோடு போராடிக்கொண்டிருந்தேன்.)

மேலே சத்தம் மட்டும் கேட்டது. டக் டக் டக் டக். நிற்கவே இல்லை. அடுத்த அறையிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"ஆர் உப்பிடி அடிக்கிறது?"

தனாதான்!

மொனிட்டரின் பின்னால் ஒயர் கழன்றிருந்தது. அழுத்திச் செருகினேன். வெளிச்சம் வந்தது. பக்கம் நிறைய ஆங்கிலம்! சில சொற்களில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. ஒரு வரியில் இடைவெளியே இல்லை. ஆனால் தொடக்கம் இருந்தது, காரணம் இருந்தது, கடைசிப் பந்தியும் இருந்தது.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"பிழை கனக்க இருக்கு. ஆனா இண்டைக்குத்தான் நீர் ஒரு கட்டுரையை முடிச்சிருக்கிறீர், பிள்ளை."

தனா கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. திரையைப் பார்த்ததும் பயம் அதை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது.

மறுநாளிலிருந்து நானே மொனிட்டரை அணைத்தேன். பாதி நேரம் இருட்டில் எழுது. மீதி நேரம் வெளிச்சத்தில் திருத்து. எழுதும் வேலை என்னுடன், திருத்தும் வேலை டீச்சருடன். (சமாதானமும் ஆகிவிட்டது!)

"பரீட்சையில அணைக்க விடுவாங்களா சேர்?"

"விட மாட்டாங்க. நீ கீபோர்டை மட்டும் பாரு. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தலையத் தூக்காத."

இன்று கதவு திறந்ததும் முதலில் எழுந்தது அவளுடைய அம்மாதான்.

"என்னாச்சு புள்ள?"

தனா மூச்சு வாங்கினாள்.

"பாஸ் மா! ரெண்டுலயும் பாஸ்! முடிச்ச ஒடனேயே கம்பியூட்டரே திருத்தி திரையில போட்டுடுச்சு!"

வாசிப்பில் மயிரிழையில் தப்பியிருக்கிறாள். எழுத்தில் நல்ல புள்ளி! டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்தேன். (கண்ணில் தூசி. கண்டியில் ரொம்பத் தூசி.)

"நான் தலையவே தூக்கலையா, மேற்பார்வைக்கு நின்ன மிஸ் வந்து, சிங்களத்துல, 'நங்கி, கம்பியூட்டர் எக்க வெட நெத்த?'ன்னு கேட்டாங்க சேர். கம்பியூட்டர் வேலை செய்யலைன்னு நினைச்சிட்டாங்க! நல்லா இருக்கு மிஸ்னு சொல்லிட்டு அடிச்சிக்கிட்டே இருந்தேன்."

"என்ன தலைப்பு குடுத்தவை?" என்றார் டீச்சர்.

"உங்க ஊர்ல ஒண்ணை மாத்தலாம்னா எதை மாத்துவீங்க, ஏன்னு கேட்டிருந்தாங்க டீச்சர்."

"நீர் எதை எழுதினனீர்?"

தனா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நம்ம லயத்துக் கக்கூஸ பத்தி."

அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"அடிப்பாவி! கண்டி வரைக்கும் வந்து, இங்கிலீசுல, கக்கூஸ பத்தியா எழுதின?"

"ஆமா மா. எத்தனை வீட்டுக்கு ஒண்ணுன்னு எழுதினேன். மழையில நீ குடையப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறதையும் எழுதினேன்."

அம்மா நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். மெதுவாகக் கேட்டார்.

"கதவு இல்லைங்கறத எழுதினியா?"

"எழுதினேன் மா. அதுக்குத் தனியா ஒரு பந்தி!"

"அப்ப சரி," என்றார் அம்மா.

நண்பர்களே, அந்தத் தலைப்பு உங்களுக்கு வந்திருந்தால் எதை எழுதியிருப்பீர்கள்?