ரெஜினாவின் நாலு மணி அழைப்பு

போன வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு என் கைப்பேசி அடிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் அப்படி நடந்ததே கிடையாது. நாலே காலுக்குத் தானாக விழித்த நான், தினமும் என்னை எழுப்பும் ரெஜினா இன்றைக்கு வசமாக மாட்டினாள், வேனில் வைத்துக் கிண்டலடிக்கலாம் என்று சந்தோஷமாக நானே கூப்பிட்டேன். எடுத்தது அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன். "எழுப்பினேன் மல்லிகா. எந்திரிக்கலம்மா," என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பு.

தினமும் எல்லைப் பாலம் தாண்டி துவாஸ் தொழிற்சாலைக்கு எங்களோடு வேனில் வரும் உங்களுக்கு ரெஜினாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த அழைப்பு எப்படி ஆரம்பித்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாம் என் பாழாய்ப்போன தூக்கத்தால் வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் வேனைத் தவறவிட்டு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. மூன்றாவது முறையும் தவறவிட்டேன். காஹாங் தோட்டப் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மேலாளர் அம்மா முன்னால் "ஐ அவேக் ஃபோர் ஓ கிளாக்" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்து மெஷினில் நின்ற ரெஜினா கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இவள் விழித்ததும் உண்மை, மறுபடி தூங்கியதும் உண்மை என்று கான்வென்ட் ஆங்கிலத்தில் விளக்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஐ வில் வேக் ஹர் அப்" என்று பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு மாதம் தவணை கிடைத்தது.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு அழைப்பு. "எந்திரிச்சிட்டேன்" என்று படுத்தபடியே சொல்லிவிட்டு நான் தூங்கினேன். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "தலகாணிக்குள்ள இருந்து பேசுற சத்தம் எனக்குத் தெரியாதா லா? போயி பைப்பத் தொற. தண்ணி சத்தம் கேட்டாத்தான் போன வைப்பேன்." ஒருநாள் என் மாமியார் போனை எடுத்துவிட, ஆள் தெரியாமல் அவரையும் அதட்டினாள். பாவம், அவரும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். பிறகு வேனில் ஒவ்வொருவராக என்னையும் எழுப்பு என்று கேட்டு, ஆறு பேரானோம்.

பாலத்து நெரிசலில் வேன் நிற்கும்போது பாடம் நடக்கும். "வேக் அப்னா கண்ணு தொறக்கிறது. கொசு கடிச்சாலும் தொறக்கும், அதுக்குப் பாராட்டு கெடையாது. நேத்து நடந்திருந்தா வோக் அப். அவேக்னா முழிச்சுக் கெடக்குற நெலம. கெட் அப்னாத்தான் கட்டில விட்டு எறங்குறது. கம்பெனி சம்பளம் குடுக்கிறது அதுக்குத்தான்." அவேக்கன் என்றும் ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். "அது ஃபாதர் பிரசங்கத்துல வரும். நமக்கு வேன் வர்றதுக்குள்ள எந்திரிச்சாப் போதும்," என்றாள்.

பிறகு ஒரு வரிசை மெஷின் ஆட்களை மேற்பார்க்கும் லைன் லீடர் வேலைக்கு நேர்முகம் வந்தது. உன் ஆட்கள் நேரத்துக்கு வருவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள். "ஐ வேக் அப் அட் ஃபோர். ஐ கெட் அப் அட் ஃபோர். மை ஃபிரண்ட் ஹியர்ஸ் த வாட்டர்," என்றேன். முழித்தார்கள். குழாய்க் கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுதாகச் சொன்னேன். சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்கள். இன்று என் பிள்ளைகள் படித்து நிற்கிறார்கள் என்றால் அது ரெஜினா போட்ட பிச்சை. அவள் இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பாள்.

அடக்கம் முடிந்து பெர்மாஸ் ஜெயாவில் ரெஜினா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்தோணி அண்ணன் எங்கள் ஆறு பேரையும் பார்த்தார். "உங்களையெல்லாம் அவ எழுப்பினா. அவள யாரு எழுப்பினான்னு நெனக்கிறீங்க? கும்பகர்ணன் தோத்தான் அவகிட்ட. தெனம் மூணே முக்காலுக்கு நான் எந்திரிச்சு, உலுக்கி எழுப்பி விட்டுட்டுத்தான் திரும்பப் படுப்பேன். ரிட்டையர் ஆன மனுசன், எனக்கு வேற என்ன வேல? இனிமே நான் எதுக்கும்மா எந்திரிக்கணும்?"

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நாலு மணியைத்தான். திங்கட்கிழமை நானே எழுந்து மற்ற ஐவரையும் எழுப்பினேன். ஐந்து வீட்டிலும் தண்ணீர் சத்தம் கேட்ட பிறகு ஆறாவதாக ஓர் எண்ணை அழுத்தினேன்.

"அண்ணே, முழிச்சிட்டீங்களா?"

"முழிச்சுத்தாம்மா கெடக்கேன்."

"ரெஜினா கணக்குல அது செல்லாதுண்ணே. போயி பைப்பத் தொறங்க. அதுவரைக்கும் நான் வைக்கமாட்டேன்."

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு தண்ணீர் விழுந்தது.